தண்ணீரூற்றில் ஒரு குளிப்பிடம்



வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் வடக்கே போய் மாங்குளத்தில் வலக்கைப் பக்கம் திரும்பினால் அது முல்லைத்தீவு வீதி. அந்தச் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர். ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் காடும் வயலுமாக மாறி மாறி வரும். பிறகு வளவுகளும் தென்னைகளும் தெரியத் தொடங்கும். அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். அதுதான் தண்ணீரூற்று. அதை ஒட்டினாற்போல முள்ளியவளை. எந்த வேலியோடு ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று வெளியூர்க்காரர் சொல்லிவிட முடியாது.

ஊரின் பெயருக்கு உரை எழுத வேண்டியதில்லை. ஊற்றுத் தண்ணீரை நம்பி மக்கள் குடியேறிய இடம். ஊற்றின் கரையில் உள்ள பிள்ளையார் கோயிலுக்கும் ஊற்றங்கரை என்றே பெயர். முஸ்லிம்கள் இருந்த பகுதியிலும் தண்ணீருக்குக் குறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் வளவுக் கிணறு ஆழமற்றது. மாரி காலத்தில் குனிந்து வாளியால் அள்ளலாம். நான் சிறுவனாக இருந்தபோது குளிப்பு என்றால் கிணற்றடிதான். வாப்பா ஓங்கி ஓங்கி ஊற்றுவார், நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். பெண்களுக்குக் கிடுகு வேலி அடைத்த மறைப்பு. உடுப்புத் துவைக்க ஒரு கல். தண்ணீர் ஓடி வாழையடிக்குப் போகும். குளிப்பிடம் என்ற சொல்லுக்கு என் மனத்தில் இன்றுவரை உள்ள படம் அதுதான்.

அந்தப் படத்தில் வயோதிபர் எவரும் இல்லை என்பது மிகவும் பிந்தித்தான் எனக்குப் புரிந்தது. அதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. 70,000 பேருக்கு மேல் ஊரிழந்த அந்த வரலாற்றை இந்தத் தலைமுறை வாசகர்களும் அறிந்தே இருப்பீர்கள். அதை இங்கே விரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் மூத்தம்மா நடக்க முடியாதவர். வாப்பாவும் சாச்சாவும் அவரை ஒரு மரக் கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். அந்தக் கதிரை புத்தளம் பகுதி முகாம் வரைக்கும் எங்களோடு வந்தது. அங்கே அதுதான் அவருக்குக் கட்டில், திண்ணை, குளிக்கும் இடம் எல்லாம். இரவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகு நான்கு பெண்கள் புடவை பிடிக்க, அந்தக் கதிரையில் வைத்தே அவரைக் குளிப்பாட்டுவார்கள். பகலில் அவர் தண்ணீர் குடிக்க மாட்டார். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்குவதற்கு ஆட்களைக் கூப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் என்று உம்மா பல வருடங்கள் கழித்துச் சொன்னார். 1994இல் அந்த முகாமிலேயே அவர் வபாத்தானார். அல்லாஹ் அவருக்கு அருள்புரிவானாக.

யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன் பிறகு சிலர் மெல்ல மெல்லத் திரும்பினோம். சிலர் என்றால் சிலர்தான். பிள்ளைகளின் படிப்பு, தொழில், கல்யாணத் தொடர்பு எல்லாம் புத்தளத்தோடு வேர்விட்டு விட்டதால், பல குடும்பங்களில் வயோதிபர்கள் திரும்பி வர, இளையவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். என் மாமி, வாப்பாவின் தங்கை, 2011இல் தன் மகனோடு வந்து பழைய வளவில் குடியேறினார். நான் வரவில்லை. ஆசிரியர் நியமனம் எனக்கு வேறு மாவட்டத்தில். விடுமுறைக்கு வந்து இரண்டு நாள் நின்று விட்டுப் போகிற ஆள் நான்.

மாமி எழுபதைத் தாண்டியவர். மூன்று வருடங்களுக்கு முன் கிணற்றடியில் பாசியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து, இப்போது நாலு கால் ஊன்றுகோல் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறார். முற்றத்துக்கு இறங்க ஒருவர் கை பிடிக்க வேண்டும். மகன் விடிய நாலு மணிக்குத் தொழிலுக்குப் போகிறவர். மருமகளுக்கு மூன்று சிறு பிள்ளைகள்.

கடந்த முறை டிசம்பர் விடுமுறையில் போயிருந்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அஸருக்குப் பிறகு மாமி என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு மஸ்அலா கேட்டார். குளித்துப் பத்து நாளாகிறது, வுழூ செய்வதற்கும் குந்த முடியவில்லை, இப்படித் தொழுவது கூடுமா என்று. நான் மௌலவி அல்லவா? உடனே பதில் சொன்னேன். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. நின்று தொழ முடியாதவர் இருந்தும், இருக்க முடியாதவர் சாய்ந்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். அதுபோலத் தண்ணீரைப் பயன்படுத்த முடியாதவருக்குத் தயம்மும் இருக்கிறது. ஆகவே மனத்தை அலைக்கழிக்க வேண்டாம் என்றேன்.

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணியூற்றில பிறந்த என்னை மண்ணைத் தடவிட்டுத் தொழச் சொல்றியா மகன்?" என்றார்.

வாசகர்களே, நான் சொன்ன சட்டத்தில் பிழை இல்லை. பிக்ஹு நூல்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மாமிக்குத் தண்ணீரால் தீங்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் முப்பது அடி தூரத்தில் இருந்தது. அந்த முப்பது அடியும், அதன் முடிவிலுள்ள வழுக்கும் தரையும்தான் நோய். அதற்கு என்ன செய்யலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. சலுகையைச் சொல்லிவிட்டு, இரவு பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். ஒட்டுசுட்டான் தாண்டும் வரைக்கும் அந்த வார்த்தை காதில் நின்றது.

ஏப்ரல் விடுமுறைக்குக் கொஞ்சப் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிப் போனேன். வீட்டின் பின் சுவரை ஒட்டி, மாமியின் அறையிலிருந்து நேரே போகத் தக்கதாக ஒரு குளியலறை கட்டுவதென்று தீர்மானம். ஊரில் நல்ல மேசன் ஒருவர் கிடைத்தார். நான் சொல்ல அவர் கட்டினார். உட்கார்ந்து குளிக்கச் சீமெந்தில் ஒரு கட்டு; அடியிலிருந்து மேல்வரை கல் அடுக்கிப் பூசிய, அசையாத கட்டு. தரைக்குச் சிவப்புச் சாயம் போட்டு முகம் தெரிய மினுக்கிய பூச்சு. பிடித்துக்கொள்ள முக்கால் அங்குலக் குழாய், சுவரில் துளையிட்டுத் திருகாணியால் பூட்டியது. பார்க்க அழகாக இருந்தது. படமும் எடுத்தேன்.

நாலாம் நாள் மாமியை உடுத்த உடுப்போடு கொண்டுபோய் இருத்திப் பார்த்தோம். இருந்துவிட்டார். எழும்ப முடியவில்லை. மருமகள் ஒரு பக்கம் தாங்க, அவர் குழாயைப் பிடித்து இழுக்க, குழாய் பூச்சோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. மருமகள் தாங்கியிருக்காவிட்டால் இரண்டாவது இடுப்பும் போயிருக்கும். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை. மாமி எங்களைத் திட்டவும் இல்லை. "போதும் மகன், நீ கட்டினதே எனக்குப் பெரிசு" என்றார். அது திட்டியதைவிட மோசம்.

அன்று பின்னேரம் மச்சான் முள்ளியவளைக்குப் போய் ஒருவரை அழைத்து வந்தார். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டியில் வந்து வளவுக்குள் இறங்கினார். இறங்கினார் என்று எழுதுகிறேன். வண்டியிலிருந்து சில்லுக் கதிரைக்குத் தன் இரு கைப் பலத்தால் தாவினார். நாற்பது வயதிருக்கும். 2009இல் எறிகணைத் துண்டு முள்ளந்தண்டில் பட்டதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அதற்கு முன் அவர் மேசன். இப்போது மற்றவர்களுக்கு அளவு சொல்லிக் கொடுக்கிறார்.

இப்படியானவர்கள் வன்னியில் ஒருவர் இருவர் அல்லர். மாங்குளத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தங்களுக்காகவே நடத்தும் 'உயிரிழை' என்ற அமைப்பு இருக்கிறது. ஏ9 வீதியால் போகும் நாம் எத்தனை பேர் அதை விசாரித்திருக்கிறோம்? நான் விசாரித்ததில்லை.

அவர் எங்கள் குளியலறை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். கதிரையை உள்ளே தள்ளவில்லை. தள்ளவும் முடியாது, வாசல் இரண்டேகால் அடி. முதலில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சேர், குந்துறதுக்குக் கட்டியிருக்கிறியள். எழும்புறதுக்கு என்ன கட்டினனியள்?" என்று கேட்டார்.

கதிரையிலிருந்து எழும்பிப் பாருங்கள், வாசகர்களே. இதை வாசித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே பாருங்கள். உங்கள் பாதம் முதலில் எங்கே போகிறது? பின்னுக்குப் போகிறது. குதிக்கால் முழங்காலுக்குப் பின்னால் போய், உடல் முன்னுக்குச் சாய்ந்த பிறகுதான் எவராலும் எழும்ப முடியும். அடிவரை கல் வைத்து அடைத்த கட்டில் குதிக்கால் பின்னுக்குப் போக இடமில்லை. இளையவர்கள் கைப் பலத்தாலும் இடுப்புப் பலத்தாலும் அதைச் சமாளித்து விடுவோம். மாமியால் முடியாது. ஆகவே கட்டு என்பது பலகைபோல இரு பக்கமும் தாங்கி நிற்க வேண்டும், கீழே வெறுமையாக இருக்க வேண்டும். இதை நான் எந்த மத்ரஸாவிலும் படிக்கவில்லை. எங்கள் மேசனும் அறிந்திருக்கவில்லை.

அடுத்தது உயரம். நான் பன்னிரண்டு அங்குலம் வைத்திருந்தேன். எங்கள் பள்ளிவாசலில் வுழூ செய்யும் இடத்துக் கட்டின் உயரம் அது, வேறு காரணம் இல்லை. அவர் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து மருமகளிடம் கொடுத்து, மாமியைக் கட்டிலில் இருத்தி, நிலத்திலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை அளந்து முறித்துக் கொண்டுவரச் சொன்னார். தான் அறைக்குள் போகவில்லை. ஈர்க்கு பதினேழு அங்குலம் வந்தது. ஒரு அங்குலம் கூட்டிப் பதினெட்டு வைக்கச் சொன்னார். இருக்கை சற்று உயர்ந்தால் எழும்புவது இலகு, மிக உயர்ந்தால் கால் தொங்கி விழப் பார்க்கும். தன்னுடைய வீட்டில் அது பத்தொன்பதரை அங்குலமாம். ஏனென்றால் சில்லுக் கதிரையின் மட்டத்துக்குச் சரியாக இருந்தால்தான் பக்கவாட்டில் நகர்ந்து ஏற முடியும். அவருக்கு இருக்கையின் பக்கத்தில் கதிரை நிறுத்த மூன்றடி வெளி வேண்டும். கதிரையைத் திருப்ப ஐந்தடி வட்டம் வேண்டும். மாமிக்கு அவை வேண்டாம், முன்பக்கம் ஊன்றுகோல் வைக்க இடம் போதும். "ஒருத்தற்ற அளவில மற்றவருக்குச் செருப்பு வாங்குவியளோ சேர்?" என்றார்.

தரையை அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி அதில் சவர்க்காரத்தைத் தேய்த்தார். பிறகு என்னைச் செருப்பில்லாமல் மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த மினுக்கத்துக்காக நான் கொடுத்த கூலியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. புதிய பூச்சு ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துக் கோடு போட வைத்தார். கோடு தண்ணீர் ஓடும் பக்கம் அல்ல, நடக்கும் பாதைக்குக் குறுக்கே. அடிக்குக் கால் அங்குலம் சரிவு. அதற்கு மேல் சரித்தால் ஊன்றுகோல் நழுவும், குறைத்தால் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். அறைக்கும் குளியலறைக்கும் நடுவே தண்ணீர் வராமலிருக்க நாங்கள் வைத்த நாலங்குலப் படியை உடைத்தார்கள். கால் தூக்க முடியாதவருக்கு நாலு அங்குலமும் ஒரு மதில்தான். படி தவிர்க்க முடியாத இடமென்றால் ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் போட வேண்டும் என்பது பல நாடுகளில் ஏற்றுக்கொண்ட அளவு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி.

கைபிடிக்கு ஒரு அங்குல ஜி.ஐ. குழாய். அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 33 மில்லிமீற்றர், கை பொத்திப் பிடிக்கச் சரியான பருமன். சுவருக்கும் குழாய்க்கும் இடையில் ஒன்றரை அங்குலம். இடைவெளி அதைவிடப் பெரிதாக இருந்தால் விழும்போது கை உள்ளே போய் முறியும் என்றார். திருகாணி இல்லை. சுவரைக் குடைந்து, குழாயின் முனையைக் கொங்கிறீற்றில் புதைத்தார்கள். மற்ற முனை வளைந்து வந்து தரையில் புதைந்தது. காய்ந்த பிறகு எங்கள் மச்சானைத் தொங்கிப் பார்க்கச் சொன்னார். மச்சான் 90 கிலோவுக்குக் குறையாதவர். குழாய் அசையவில்லை. துவாய் போடும் கம்பியை இருக்கைக்குக் கிட்டே வைக்கக் கூடாது என்றும் சொன்னார். விழும் மனிதன் கையில் படுவதைப் பிடிப்பான், அது எதற்காகப் பூட்டியது என்று பார்க்க மாட்டான்.

மாமிக்கு ஆண்கள் கட்டும் எதிலும் அக்கறை இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான், உள்பக்கம் தாழ்ப்பாள். கதவே வேண்டாம், சீலை தொங்கவிடலாம், விழுந்தால் உடனே ஓடி வரலாம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னோம். மாமி அசையவில்லை. "முகாமில இருபது வருசம் சீலைக்குள்ள குளிச்சது காணாதா?" என்றார். மூத்தம்மாவுக்குப் புடவை பிடித்த நான்கு பெண்களில் மாமியும் ஒருவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முள்ளியவளைத் தம்பி மாமியின் பக்கம் நின்றார். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதாக இருக்கட்டும், உள்ளே திறந்தால் விழுந்தவர் உடம்பு கதவை அடைத்துவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக் கூடியதாக இருக்கட்டும் என்றார். அப்படியான தாழ்ப்பாள் முல்லைத்தீவுக் கடையில் கிடைத்தது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எனக்கும் சொல்ல ஏதோ இருந்தது. வயோதிபர் விழுவதில் பாதி, வாளி தூக்குவதாலும் நிலத்திலுள்ள வாளிக்குக் குனிவதாலும் வருவதை நான் கண்டிருக்கிறேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் வுழூவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளிப்பும் செய்துள்ளதாக புஹாரி, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் இருக்கிறது. முத்து என்பது நடுத்தர மனிதர் ஒருவரின் இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு. நாலு முத்து ஒரு ஸாஉ. இன்றைய கணக்கில் மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறையும். நாமோ நூறு லீற்றர் ஊற்றினாலும் குளித்த திருப்தி வராத ஊற்றுக்காரர். ஷாபிஈ மத்ஹபின்படி கடமையான குளிப்புக்குத் தேவை நிய்யத்தும், உடல் முழுவதும் தண்ணீர் படுவதும். நிற்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆகவே பெரிய தொட்டி வேண்டாம்; இருக்கையின் வலப்பக்கம், முழங்கை மட்டத்தில் சிறிய தொட்டி, அதற்கு மேல் ஒரு குழாய், பாரமில்லாத ஒரு கோப்பை, ரப்பர் குழாயில் கைச்சவர் ஒன்று என்றேன். இது சரி என்று அவரும் ஏற்றுக்கொண்டார். என் வாழ்க்கையில் ஒரு மேசன் ஏற்றுக்கொண்ட முதல் யோசனை.

அவர் சேர்த்தது ஒன்றே ஒன்று. சுடுதண்ணீர் வைப்பதானால் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் கலக்க வேண்டும், கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்ற வேண்டும். தன் வலது காலைத் தூக்கிக் காட்டினார். புறங்கால் முழுவதும் சுருங்கிய தழும்பு. காயப்பட்டு நாலு மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாகத் தானாகக் குளித்த நாளாம். ஆசையோடு சுடுதண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தோல் உரிந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் அறிந்தார். வெறும் சீமெந்தில் வெகுநேரம் இருந்தாலும் இவர்களுக்குப் புண் வரும், வந்தது தெரியாது. தன் இருக்கையில் தடித்த ரப்பர் பஞ்சு போட்டிருக்கிறாராம். வெய்யிலில் காய்ந்த கட்டில் இருப்பதும் ஆபத்து.

வேலை நடந்த பத்து நாளும் அவர் வந்தார். பகல் சாப்பாடு எங்கள் வீட்டில். ஒரு நாள் பேச்சுவாக்கில் அந்த ஒக்டோபரைப் பற்றிச் சொன்னார். அவருக்கு அப்போது ஐந்தாறு வயது. "நீங்கள் போகேக்க நாங்கள் றோட்டுக்கரையில நிண்டு பாத்தனாங்கள். ஒரு கிழவியைக் கதிரையில வச்சுத் தூக்கிக்கொண்டு போனவை. அது மட்டும் ஞாபகம்." நான் அது யார் என்று சொல்லவில்லை. அப்படி எத்தனை கிழவிகளைத் தூக்கிக்கொண்டு போனார்களோ. அவர் 2009 வரை எங்கே என்ன செய்தார் என்று நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் சட்டம் பற்றியும் இரண்டு வரி எழுத வேண்டும். இலங்கையில் வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் தடையின்றிப் புழங்குவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வெளியாயின. அவை ஏட்டில் உறங்கின. கலாநிதி அஜித் பெரேரா என்பவர், 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து நடக்கும் வல்லமை இழந்தவர், உயர் நீதிமன்றம் போனார். புதிய பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளின்படியே கட்டப்பட வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் 2020இல் காலமானார். ஆனால் மாமியின் பின்சுவரோரக் குளியலறைக்கு எந்தச் சட்டமும் வராது. மீள்குடியேற்ற வீடுகளில் நான் கண்டவற்றில் மலசலகூடம் வளவின் ஒரு மூலையில், இரண்டு படி உயரத்தில் நிற்கிறது. கட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் மனத்திலும் என் மனத்திலிருந்த அதே படம்தான் இருந்திருக்கும்.

நம் பள்ளிவாசல்களையும் சொல்லாமல் விட முடியாது. முன்பு எல்லாப் பள்ளிகளிலும் ஹவ்ள் இருந்தது. இரண்டு குல்லத்துத் தண்ணீருக்குக் குறையாத தொட்டி. அதன் கரையில் குந்தி வுழூ செய்தோம். இப்போது வரிசையாகக் குழாய்களும் முன்னால் ஒரு அடி உயரக் கட்டுகளும். முழங்கால் வலிக்காரருக்காகத் தொழும் இடத்தில் கதிரை போட்டுவிட்டோம். ஸப்பின் ஓரத்தில் இன்று ஐந்தாறு கதிரைகள் இல்லாத பள்ளி குறைவு. அந்தக் கதிரைக்கு வரும் முன் அவர் எங்கே இருந்து கால் கழுவினார் என்று எந்த நிர்வாகக் கூட்டத்திலும் பேச்சு வந்து நான் கேட்டதில்லை. நானும் அந்தக் கூட்டங்களில் இருந்தவன்தான். ஊர் திரும்பியதும் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்: பதினெட்டு அங்குல உயரத்தில் கீழே வெறுமையான இரண்டு இருக்கைகள், பக்கத்தில் ஒரு கைபிடி. மினாராவுக்கு வண்ணம் பூசும் வேலை முடிந்த பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. பார்ப்போம், இன்ஷா அல்லாஹ். மினாரா எங்கும் ஓடிப்போகாது என்று எழுதலாமா என்று யோசித்து, மரியாதைக்காக எழுதாமல் விட்டேன்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கையில் சீமெந்து இறுகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை. மாமி மாற்றுடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு கால் ஊன்றுகோலை நகர்த்தி நகர்த்தித் தன் அறையிலிருந்து குளியலறைக்குப் போனார். மருமகள் வாசல்வரை கூடப் போனார். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மச்சான் கையில் ஒரு இரண்டு ரூபா நாணயத்தை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். நான் குர்ஆனை விரித்து வைத்திருந்தேன், ஓதவில்லை. தண்ணீர்ச் சத்தம் வந்தது, நின்றது, திரும்ப வந்தது. கால் மணித்தியாலம். அரை மணித்தியாலம். மருமகள் கதவடியில் போய் "மாமி" என்று கூப்பிட்டார்.

"என்ன அவசரம்? கரண்ட் பில்லா ஏறுது?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

ஐம்பது நிமிடங்கள் கழித்து வெளியே வந்தார். தலைமுடி நனைந்து, முக்காட்டின் ஓரம் ஈரமாகி, முகம் வெளுத்துத் தெளிந்திருந்தது. நானும் மச்சானும் எழுந்து நின்றோம். மாமி எங்களைப் பார்த்து, "எல்லாம் சரி மகன். சவுக்காரம் வைக்கிற தட்டைத்தான் ஆரோ நெட்டை ஆளுக்குப் பூட்டியிருக்கிறியள். எனக்கு எட்டல்ல" என்றார்.

அதை மட்டும் நாங்கள் யாரும் ஈர்க்கால் அளக்கவில்லை. ஜும்ஆ முடிந்து வந்து, தட்டைக் கழற்றி ஒன்றரை அடி இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் நான் மாங்குளம் பஸ்ஸைப் பிடித்தேன்.